கல் என்று சொல்லி வைத்திருந்தார்கள்

நானும் புவனேசக்காவும் ஒரே வாரத்தில் அறுவைக்குப் போனோம். செவ்வாய்க்கிழமை அவர், வியாழக்கிழமை நான். நோய் ஒன்று, சத்திரசிகிச்சை நிபுணர் ஒருவர், கட்டில்கள் அடுத்தடுத்தவை. பத்து மாதங்களின் பின் எனக்கு அது திரும்ப வந்தது. அவருக்கு வரவில்லை. அந்தக் கடைசி வசனத்தை இன்றுவரை என்னால் அமைதியாக எழுத முடியவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பின்னால் வருவது எதுவும் விளங்காது.

இப்போது எனக்கு நான்காம் சுற்று மருந்து முடிந்திருக்கிறது. அதன்பின் எடுத்த ஸ்கானில் கட்டி குறையவில்லை, வளரவும் இல்லை. இரண்டு வார ஓய்வு தந்திருக்கிறார்கள். இந்த நோயின் பெயரை முதன்முறை கேட்டுவிட்டு, தமிழில் வாசிக்க ஒன்றும் அகப்படாமல் இருப்பவர்களுக்காக அந்த ஓய்வில் இதை எழுதுகிறேன்.

கல்லீரல் பித்தத்தைச் சுரக்கிறது. அது குடலுக்கு இறங்கும் வழியே பித்தக்குழாய், பென்சிலைவிட ஒடுங்கியது. அதில் புற்றுநோய் வருவது பெரும்பாலும் வயது சென்றவர்களுக்கு. எனக்கு இருபத்து நான்கில் வந்ததற்குக் காரணம், பிறவியிலேயே என் குழாயின் ஒரு பகுதி பைபோல ஊதியிருந்ததுதான் என்று பின்னர் சொன்னார்கள். முதலில் சிறுநீர் பால் சேராத சாயத் தேநீர் நிறத்தில் இருண்டது. பிறகு உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் அரிப்புத் தொடங்கியது. அடைபட்ட பித்தம் இரத்தத்தில் கலந்து தோலுக்கு வருவதால் உண்டாகும் அரிப்பு அது, சொறிவதால் தீராது. நான் அப்போது பல்கலைக்கழகத்தில் தமிழ்ச் சிறப்புக் கலையின் இறுதியாண்டுப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு காலையில் அம்மா என் நாடியைப் பிடித்து நிமிர்த்தி முகத்தை யன்னல் பக்கம் திருப்பினார்.

"உன்ரை கண் ஏன் இப்பிடி மஞ்சளாக் கிடக்கு?"

"நித்திரை இல்லை, அம்மா."

"நித்திரை இல்லாட்டிச் சிவக்கும். மஞ்சளாகாது. வெளிக்கிடு."

இரத்தப் பரிசோதனை, வயிற்று ஸ்கான், வாய் வழியாகக் குழாய் விட்டுச் சதையின் துணுக்கு எடுத்தல் என்று மூன்று வாரங்கள் கழிந்தன. துணுக்கின் அறிக்கை கையில் வந்ததும் வைத்தியரைக் காணக் காத்திருக்காமல், நகரத்துப் பெரிய மருத்துவமனையின் நடைபாதையில் இருந்த வாங்கில் உட்கார்ந்தபடியே பிரித்து வாசித்துவிட்டேன். அம்மா என்னவென்று கேட்டார். சொன்னேன். அவர் அழவில்லை.

"உதை ஏன் நீ வாசிச்சனி?" என்று மட்டும் கேட்டார்.

அந்தக் கேள்வியின் பொருள் எனக்கு அப்போது விளங்கவில்லை. பொய் சொல்லும் உரிமையை நான் அவரிடமிருந்து பறித்துவிட்டேன் என்பதை அடுத்த கட்டிலைப் பார்த்துத்தான் அறிந்துகொண்டேன்.

அறுவைக்கு என்னைச் சேர்த்தபோது அடுத்த கட்டிலில் புவனேசக்கா இருந்தார். நாற்பத்தாறு வயது. தெல்லிப்பழைக்காரர். வெங்காயமும் புகையிலையும் செய்கிற குடும்பம். நோயாளர் விடுதியில் எல்லாரும் தாழ்ந்த குரலில் பேசும்போது, தோட்டத்தின் மறுகரையில் நிற்பவரைக் கூப்பிடும் குரலில் பேசுவார். நான் போன முதல் நாளே என் தலையணைக்கருகில் இருந்த புத்தகத்தை எடுத்துப் புரட்டினார்.

"கம்பஸ் பிள்ளையோ? கண்டறியாத படிப்பு. அங்கை படிக்கிறதை இஞ்சையும் கொண்டு வந்து படிக்கிறாய். உனக்கும் கல்லே?"

நான் பதில் சொல்லுமுன் அவருடைய கணவர் எழுந்து, அம்மாவைச் சைகையால் வெளியே அழைத்துக்கொண்டு போனார். திரும்பி வந்த அம்மா என் காதருகே குனிந்தார்.

"அவவுக்குப் பித்தத்திலை கல்லெண்டுதான் சொல்லி வைச்சிருக்கினம். வாய் தவறிச் சொல்லிப்போடாதை."

எங்கள் பக்கத்தில் இது புதிதன்று. 'அந்த வருத்தம்' என்பார்கள். பெயர் சொல்ல மாட்டார்கள். நோயாளிக்குப் பெயர் தெரிந்தால் அன்றே பாதி உயிர் போய்விடும் என்பது நம்பிக்கை. தாதி, உணவு கொண்டுவருபவர், வருத்தம் பார்க்க வரும் தூரத்து உறவினர் என்று எல்லாரும் ஒரு சொல்லும் பிசகாமல் அந்தப் பொய்யைக் காப்பார்கள். தெல்லிப்பழைக்குப் போகிறார் என்று ஒருவரைப் பற்றிச் சொன்னால், குடாநாட்டில் மற்றவர்கள் மேற்கொண்டு எதுவும் கேட்பதில்லை. புற்றுநோய்க்கு மருந்து ஏற்றும் இடம் அங்கே இருக்கிறது. ஆனால் புவனேசக்கா பிறந்ததே தெல்லிப்பழையில். பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தாலும், காலில் மண்வெட்டி பட்டாலும் அவர் போவது அங்கேதான். எங்களுக்குத் தீர்ப்பாக இருந்த ஊர்ப்பெயர் அவருக்கு வெறும் விலாசம். அங்கே எந்தக் கட்டடத்தில் இருத்தினாலும், மற்ற விடுதிகளில் இடமில்லையாம் என்று கணவர் சொன்னால் போதுமாக இருந்தது. நம்ப விரும்புகிறவருக்குக் காரணம் குறைவதில்லை.

அறுவையில் எங்கள் இருவருக்கும் பித்தக்குழாயையும் கல்லீரலில் ஒரு துண்டையும் எடுத்துவிட்டு, சிறுகுடலை மேலே இழுத்துக் கல்லீரலோடு நேராகத் தைத்தார்கள். வயிற்றின் பக்கவாட்டில் வடிகுழாய் தொங்கியது. எட்டு நாட்களுக்குப் பிறகு அவரை வீட்டுக்கு விட்டார்கள். எனக்குத் தையலருகில் சீழ் பிடித்ததால் இருபத்தொரு நாட்கள். போகும்போது அவர் தன் கட்டிலிலிருந்த தோடம்பழங்களை எல்லாம் என் அலுமாரியில் அடுக்கினார்.

"கெதியா எழும்பு. உன்னை மாதிரிச் சுருண்டு கிடந்தால் வெங்காயமும் முளைச்சிடும்."

அம்மா சிரித்தார். பல நாட்களுக்குப் பின் அவர் சிரித்தது என்னால் அல்ல என்பதைக் குறித்துக்கொண்டேன்.

பின்னர் இருவருக்கும் ஆறு மாதங்களுக்குக் குளிசை தந்தார்கள். எஞ்சியிருக்கக்கூடிய நுண்ணிய நோய்க் கலங்களை அழிப்பதற்கான மருந்து அது. இரண்டு வாரம் காலையும் மாலையும் எடுத்து, ஒரு வாரம் விடவேண்டும். நான் ஒரு கொப்பியில் நேரம் எழுதி ஒரு வேளையும் தவறாமல் விழுங்கினேன். உள்ளங்கைத் தோல் உரிந்தது. பேனை பிடிக்க முடியாமல் பரீட்சையைத் தள்ளிவைத்தேன். அம்மா சோற்றைக் குழைத்து ஊட்டினார். அப்பா கடலுக்குப் போகிறவர். மீன் வெடில் எனக்குக் குமட்டுகிறது என்று யாரோ சொன்ன நாளிலிருந்து, கரைக்கு வந்ததும் இரண்டு தரம் சவுக்காரம் போட்டுக் குளித்த பிறகே என் அறை வாசலுக்கு வருவார்; அப்போதும் உள்ளே வரமாட்டார்.

புவனேசக்கா தொலைபேசியில் கேட்டார்: "அந்தக் குளிசை போடுறியோ? எனக்குக் கை எரியுது பிள்ளை. நாலாம் மாசத்தோடை விட்டிட்டன். மிச்சத்தை அந்தாளுக்குத் தெரியாமல் வெங்காயப் பாத்திக்குள்ளை தாட்டுப்போட்டன். கல்லை எடுத்தாச்சு, பிறகென்னத்துக்குக் குளிசை?"

அந்த வருடம் வெங்காயம் நல்ல விளைச்சல் என்றும் சொன்னார்.

பத்தாம் மாதத்தில் என் உள்ளங்கைகள் மறுபடி அரித்தன. மருந்தின் விளைவு என்று நான்கு நாட்கள் என்னை ஏமாற்றிக்கொண்டேன். நானும் ஒருமுறை பொய்யில் இருந்து பார்க்க விரும்பினேன் போலும். ஐந்தாம் நாள் குளிரும் நடுக்கமுமாகக் காய்ச்சல் வந்தது. அடைபட்ட பித்தத்தில் கிருமி தொற்றினால் அப்படித்தான் வரும். இந்த அறுவை செய்தவர்கள் நடுக்கத்தோடு காய்ச்சல் கண்டால் மறுநாள் வரை பொறுத்திருக்கக் கூடாது. விலாவின் ஊடாகக் கல்லீரலுக்குள் ஊசி செலுத்திக் குழாய் வைத்து, பச்சை கலந்த கறுப்புப் பித்தத்தைப் பைக்குள் வடியவிட்டார்கள். ஒரு வாரம் கழித்து உள்ளே கம்பி வலையாலான சிறு குழாய் ஒன்றைப் பொருத்திப் பாதையைத் திறந்தார்கள். ஸ்கானில் தையல் இட்ட இடத்துக்கருகே ஒரு முடிச்சும், கல்லீரலுக்கு இரத்தம் கொண்டுபோகும் நாடியைச் சுற்றிச் சில நிணநீர்க் கணுக்களும் தெரிந்தன. நாடியைச் சுற்றியிருப்பதால் மறுபடி அறுக்க முடியாது என்றார் வைத்தியர்.

"அப்ப என்ன செய்யலாம், டொக்டர்?" என்று அம்மா கேட்டார்.

"மருந்து ஏத்தி அடக்கி வைச்சிருக்கப் பாப்பம்."

அடக்கி வைத்தல் வேறு, குணமாக்கல் வேறு. அவர் சொல்லைத் தெரிந்தெடுத்துத்தான் பேசினார். மொழி படிக்கிறவளுக்கு அதை விளங்கப்படுத்த வேண்டியிருக்கவில்லை.

மருந்து இரண்டு. மூன்று வாரம் ஒரு சுற்று; அதில் முதல் நாளும் எட்டாம் நாளும் ஏற்றுவார்கள். இரண்டில் ஒன்று சிறுநீரகத்தைத் தாக்கும் என்பதால் முன்னும் பின்னும் சேலைன் ஏற்றி, போகிற சிறுநீரை அளந்து எழுதுவார்கள். வெள்ளையணுக்கள் குறைந்திருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். எனக்குக் காதில் இரைச்சலும் கால்விரல்களில் மரப்பும் வந்தன. தலைமயிர் மெலிந்ததே தவிர முற்றாகக் கொட்டவில்லை. தொண்டைமானாற்றில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து அதிகாலையில் முச்சக்கரவண்டியில் தெல்லிப்பழைக்குப் போனால் திரும்பப் பொழுதுபட்டுவிடும். சரிந்த கதிரையில் ஆறு மணித்தியாலங்கள். அதே வாரங்களில் என்னோடு படித்தவர்கள் பட்டமளிப்பு விழாவுக்குச் சேலை எடுத்துக்கொண்டிருந்தார்கள்; நிறத்தைத் தெரிவு செய்யச் சொல்லி எனக்கும் படங்கள் அனுப்பினார்கள். நீலம் என்று பதில் எழுதிவிட்டு, அந்த நீலத்தையும் சேர்த்து வெறுத்தேன்.

எட்டாம் நாட்களில் அம்மாவுக்குச் சமைக்க நேரமிருக்காது என்று எப்படியோ அறிந்துகொண்டு, புவனேசக்கா அடுக்குச் சட்டியோடு வரத் தொடங்கினார். மருந்தேற்றும் இடத்திலிருந்து அவர் வீடு நடக்கும் தூரம். கதவைத் திறக்கும்போதே குரல் கேட்கும்.

"எங்கை என்ரை கம்பஸ்? கல்லு திரும்ப முளைச்சிட்டுதாமே! உனக்கு எத்தினை தரம் சொன்னனான், தண்ணி குடி, தண்ணி குடியெண்டு."

கத்தரிக்காய்க் குழம்பை என் தட்டில் ஊற்றுவார். நான் உண்ணாவிட்டால் ஏசுவார். எனக்கு மாப்பிள்ளை பார்ப்பார். ஒருவன் கனடா, ஒருவன் சுன்னாகத்தில் வங்கியில். உறவினர்கள் என்னோடு பேசும்போது சொற்களுக்கு நடுவே பஞ்சு வைத்துப் பேசினார்கள். இவரோ, தோல் பளபளக்க, வயிறு நிரம்ப உண்டு, இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னை அதட்டினார். அவருடைய ஆரோக்கியத்தைக் கண்டு எரிந்தேன். அதைவிட, அவருக்காகப் பொய் சொல்ல இத்தனை பேர் முயன்று கொண்டிருந்ததைக் கண்டு எரிந்தேன். என்னிடம் பொய் சொல்ல ஒருவருக்கும் இடம் வைக்காதவள் நான். இருந்தும், யாராவது முயன்றிருக்கலாம்.

மூன்றாம் சுற்றின்போது அவருடைய கணவர் தனியாக வந்து கதிரை நுனியில் இருந்தார்.

"தங்கச்சி, ஒரு வருச ஸ்கான் எடுக்கவேணும். ஒரு மாசம் பிந்திப் போச்சு. வரமாட்டன் எண்டு நிக்கிறா. கல்லில்லாத வயித்திலை என்னத்தைப் பாக்கிறதெண்டு கேக்கிறா. நீங்கள் படிச்ச பிள்ளை, சொன்னால் கேப்பா. ஆனால் அதை மட்டும் வாயிலை எடுத்துப்போடாதேங்கோ."

"வேறை என்னத்தைச் சொல்லுறது, அண்ணை?"

"ஏதாவது. கல்லு திரும்பவும் வரலாமெண்டு சொல்லுங்கோ. உங்களுக்கு வந்தது தானே."

எழுந்து போகும்போது அவர் கும்பிட்டார். ஆகவே என் நோயும் அந்தப் பொய்க்கு ஓர் உதாரணமாகப் பயன்பட வேண்டியிருந்தது.

மறுவாரம் புவனேசக்கா வந்தார். அம்மா மருந்துச் சீட்டோடு வெளியே போயிருந்தார். கணவர் கேட்டபடியே தொடங்கினேன்.

"அக்கா, நீங்கள் ஒருக்கா அந்த ஸ்கானை எடுத்துப் பாருங்கோவன்."

"அந்தாள் சொல்லித் தந்தவரோ? விசர் மனுசன். எனக்கென்ன குறை? நான் உன்னை மாதிரியே?" என் தட்டில் சோற்றைப் போட்டார். "கோவிக்காதை பிள்ளை, நான் உள்ளதைச் சொல்லுறன். நீ ஒரு இடத்திலை இருந்து புத்தகம் புத்தகமெண்டு உடம்பைக் கவனிக்கேல்லை. அதுதான் உனக்குத் திரும்பி வந்தது. நான் வெயிலுக்கை நிண்டு வேலை செய்யிறன், எனக்கு வரேல்லை. கல்லும் ஆளைப் பாத்துத்தான் வரும்."

கையில் ஊசி ஏறியிருந்தது. நான் எழ முடியாது. மிகவும் தாழ்ந்த குரலில், ஒவ்வொரு சொல்லும் தெளிவாக விழும்படி சொன்னேன்.

"எங்கள் ரெண்டு பேருக்கும் வந்தது கல்லில்லை, அக்கா. கான்சர். இது கான்சருக்கு மருந்தேத்திற இடம். உங்களுக்குத் தந்த குளிசையும் அதுக்குத்தான். வீட்டிலை எல்லாருக்கும் தெரியும்."

ஸ்கான் எடுக்க வைப்பதற்காகச் சொன்னேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. அவருடைய நன்மைக்காக, அறியும் உரிமைக்காக என்றும் எழுதலாம். அவை எல்லாம் பிறகு கண்டுபிடித்த காரணங்கள். அந்தக் கணத்தில் நான் விரும்பியது ஒன்றே: நடைபாதை வாங்கில் நான் இருந்தபடி அவரும் ஒருமுறை இருக்க வேண்டும்.

அவர் சுற்றிப் பார்த்தார். எதிர்க் கதிரையில் தலையில் துணி கட்டிய பெண் உறங்கிக்கொண்டிருந்தார். அதற்கு அப்பால் இன்னொருவர். அவர்களை அவர் அப்போதுதான் காண்பவர்போல இருந்தது. பிறகு அடுக்குச் சட்டியின் மூடியை எடுத்துப் பொருத்தினார். அது சரியாகப் பொருந்தவில்லை. அப்படியே தூக்கிக்கொண்டு, என் தட்டை விட்டுவிட்டுப் போய்விட்டார்.

அன்று பின்னேரமே கணவர் அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தார். அவர் ஏசவில்லையாம், அழுதாராம். வீட்டு வாசலில் வண்டியிலிருந்து இறங்கும்போது அம்மா சொன்னார்:

"ஒரு வருசமா ஒரு குடும்பம் கட்டிக் காத்தது. நீ ஏன் வாயைத் திறந்தனி?"

"உண்மையைத்தானே அம்மா சொன்னன்."

"உண்மையோ? உன்ரை மூஞ்சையைப் பாத்தால் எரிச்சலிலை சொன்ன மாதிரிக் கிடக்கு."



நான்காம் சுற்றின் முதல் நாள் புவனேசக்கா வரவில்லை. வரவேண்டிய நாள் அதுவன்று என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எட்டாம் நாளும் மதியம் கடந்தது. அம்மா கட்டிவந்த இடியப்பம் விரித்தபடி கிடந்தது. கதவு திறந்தபோது குரல் கேட்காததால் அவர் என்று தெரியவில்லை. கையில் சட்டி இல்லை. மண்ணிறக் கடித உறை ஒன்று இருந்தது. மூன்று வாரத்தில் முகம் வற்றியிருந்தது. அம்மா எழுந்து கதிரையைக் கொடுத்துவிட்டு யன்னலருகே போய் நின்றார்.

"ஸ்கான் எடுத்தனான்," என்றார். எல்லாரும் என்னிடம் பேசும் அந்தத் தாழ்ந்த குரல் இப்போது அவருக்கும் வந்திருந்தது. அதைக் கொடுத்தவள் நான்.

"டொக்டரிட்டைக் காட்டினீங்களோ?"

"இல்லை. இங்கிலீசிலை கிடக்கு. அந்தாள் வாசிச்சால் நல்லதெண்டுதான் சொல்லும். மகளும் அப்பிடித்தான். டொக்டரும் அவையோடை சேந்து கல்லெண்டு சொன்ன ஆள்தானே." உறையை என் மடியில் வைத்தார். "எனக்குப் பொய் சொல்லாதது நீ ஒராள்தான். எது எழுதிக் கிடந்தாலும் சொல்லு."

"அக்கா, நான் அண்டைக்கு..."

"வாசி பிள்ளை."

ஒரு கையில் ஊசி. மறு கையால் உறையைப் பிரித்தேன். இரண்டு பக்கங்கள். கல்லீரல், மண்ணீரல், சிறுநீரகம் என்று ஒவ்வொரு உறுப்பாக எழுதியிருந்தார்கள். என் அறிக்கையில் முடிச்சு என்ற சொல் எந்த இடத்தில் வந்தது என்பது எனக்குத் தெரியும்; கண் நேராக அங்கே போனது. நான் தேடினேன். எழுதக் கூசினாலும் எழுதுகிறேன்: கிடைக்கும் என்று எதிர்பார்த்துத் தேடினேன். தையல் சீராக இருந்தது. நாடியைச் சுற்றி எதுவுமில்லை. கணுக்கள் இல்லை. இரண்டாம் பக்கத்தைத் திருப்பி முடிவை வாசித்தேன். பிறகு முதலிலிருந்து முழுவதையும் மறுபடி வாசித்தேன்.

புவனேசக்கா தாளைப் பார்க்கவில்லை. என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்டுமில்லை, அக்கா. திரும்ப வந்ததுக்கு ஒரு அடையாளமும் இல்லை."

"அப்பிடியே எழுதிக் கிடக்கோ?"

"ஓம்."

"எந்த இடத்திலை?"

அவருடைய விரலைப் பிடித்து அந்த வரியின் மேல் வைத்தேன். மண்ணில் காய்த்துப்போன விரல் அது. தனக்கு வாசிக்க வராத அந்த எழுத்துக்களின் மேல் அதை ஒருமுறை இழுத்துப் பார்த்தார்.

"இன்னொருக்காச் சொல்லு."

அதற்கு அடுத்த வாரம் எனக்கு ஸ்கான் எடுப்பதாக இருந்தது. நல்ல செய்தி வந்தால் அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று பல நாட்களாக வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு மெல்லப் பழகி வைத்திருந்தேன்: அவசரப்படாமல், அழாமல், ஒவ்வொரு சொல்லும் விளங்கும்படி. அந்தக் குரலை எடுத்துப் புவனேசக்காவுக்குச் சொன்னேன்.

"திரும்ப வந்ததுக்கு ஒரு அடையாளமும் இல்லை."